வியாழக்கிழமைகளில் அம்மா

அத்தியாயம் ஒன்பது

திருநீறு விரலில் பட்டால் லேசாகச் சொரசொரக்கும். என்னதான் சலித்து எடுத்தாலும் அது சாம்பல்தான். விரல் ரேகைக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். முகர்ந்து பார்த்தால் கொஞ்சம் புகை வாசம் இருக்கும்.

ஜெயராணியின் விரல்களுக்கிடையில் இருந்த தூள் சொரசொரக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. வாசமும் இல்லை.

அது அம்மாவின் கைப்பையிலிருந்து நேற்று மாலை எடுத்தது. சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம். வாயை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கி ஒட்டியிருந்தார்கள். பையில் இரண்டு இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்து, மூலையில் ஊசியால் குத்தி ஒரு சிட்டிகையை விரலில் தட்டிக்கொண்டாள். குடையைத் தேடித்தான் பையைத் திறந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா காலமாகி வருஷம் இன்னும் திரும்பவில்லை. கண்டியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அம்மா கமலம் குண்டசாலையில் மகளோடு வந்து தங்கியிருந்தாள். டொரொண்டோவில் இருக்கும் தம்பி திவாகரன் அம்மாவைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள எல்லா ஏற்பாடும் செய்து, விசாவும் வந்துவிட்டது. விசா வந்த அன்று அம்மா தலையாட்டினாள். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' தொடங்கிய காலத்தில்தான் வியாழக்கிழமைகளும் தொடங்கின. காலையில் குளித்து, வெளுத்த புடவை கட்டி, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு என்று அம்மா கிளம்புவாள். மாலையில்தான் வருவாள். விரல் நுனியெல்லாம் வெள்ளையாக இருக்கும். திருநீறு என்றே ஜெயராணி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இந்த வீட்டில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஜெயராணிக்குச் சந்தேகப்படுவது தொழில். கண்டி நகரில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வாகன இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறாள். ஒரு கீறலைப் பார்த்தாலே வண்டி எந்தப் பக்கமாக நகர்ந்தது என்று சொல்லிவிடுவாள். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கூரான ஒன்று வர்ணத்தைச் சுரண்டிக்கொண்டு போகும்போது, சுரண்டிய வர்ணம் போகிற திசையில்தான் குவியும். மண்வெட்டியால் மண்ணை இழுத்தால் மண் எங்கே சேர்கிறதோ, அதே கணக்கு. 'நின்ற வண்டியில் பின்னால் வந்து மோதினான்' என்று ஒருவர் சொல்லும்போது, குவியல் பின்பக்கமாக இருந்தால் அவர் முன்னோக்கி எடுத்த வண்டியை மதிலில் தேய்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

அம்மா விஷயத்திலும் குவியல்கள் ஒரே பக்கமாகத்தான் சேர்ந்தன. வழுக்கும் தூள். பொய்யான கோயில். போன கிழமை அம்மா சமையலறையில் சத்தமாகப் போட்டுக் கேட்ட குரல்செய்தி. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்; அதனால் வீடு முழுக்கக் கேட்டது. இளம் ஆண் குரல். "ஆன்ட்டி, வரக்குள்ள சாமான் கொண்டுட்டு வாங்க. எங்கட முடிஞ்சி."

தொலைக்காட்சிச் செய்தியில் தினமும் காட்டுகிறார்கள். தூள் என்கிற ஹெரோயினும் ஐஸும் கடத்துகிறவர்கள் இப்போதெல்லாம் வயதான பெண்களைத்தான் பிடிக்கிறார்களாம். புடவை கட்டி, நெற்றியில் திருநீறு வைத்து பஸ்ஸில் போகிற அம்மாவை யார் சோதிக்கப் போகிறார்கள்?

வியாழன் காலை, அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது ஜெயராணி தம்பிக்கு அழைத்தாள். அவன் களஞ்சியசாலையில் இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"ஐஸா அக்கா?"

"ஐஸ் பளிங்கு மாதிரி இருக்குமாம். இது மாவு மாதிரி இருக்குடா."

"அப்ப தூளா?"

"எனக்கு என்ன தெரியும். நான் என்ன தின்னு பார்த்தா சொல்ல முடியும்?"

"பொலிசுக்கு மட்டும் போயிராத. அம்மாவையும் சேர்த்து உள்ள போட்டுருவானுங்க. முதல்ல எங்க போறாங்க, யாரப் பார்க்குறாங்கன்னு பாரு. அந்த மெசேஜ் போட்ட பயதான் அம்மாவ இங்க வர விடாம வச்சிருக்கான். நான் டிக்கட் தேடுறேன்."

குளியலறைக் கதவு திறந்தது. ஜெயராணி போனை வைத்தாள்.

"யாரு, தம்பியா?" என்றாள் கமலம், தலையைத் துவட்டிக்கொண்டே.

"ஆமா. எப்ப வர்றீங்கன்னு கேட்டான்."

"பார்ப்போம்."

"நான் இன்னைக்கு அரைநாள் லீவு போடட்டுமாம்மா? கோயிலுக்கு நானும் வர்றேன்."

அம்மா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "உனக்கெதுக்குப் புள்ள வீண் அலைச்சல். லீவ சேர்த்து வை. தீபாவளிக்கு ஆகும்."

சரளமான பதில். சரளமான பதில்களைத்தான் ஜெயராணி கந்தோரில் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிடுவாள்.

*

கண்டி பஸ் நிலையத்தில் அம்மா கட்டுக்கலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் மாத்தளை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தூணுக்குப் பின்னால் நின்றிருந்த ஜெயராணி ஓர் ஓட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"அந்த பஸ்ஸுக்குப் பின்னால போங்க."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "மாஸ்டரா மிஸ் உள்ள இருக்கிறது?"

"எந்த மாஸ்டர்?"

"ஒங்க வீட்டு மாஸ்டர். புருஷனப் பின்தொடர்ற ஆளுங்கதான் இப்படி ஏறுவாங்க."

"எங்கம்மா."

அவர் அதற்குப் பிறகு கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் வாயே திறக்கவில்லை. பாலத்தில் வாகன நெரிசலில் நின்றபோதுதான் மெதுவாகக் கேட்டார். "அம்மாவுக்கு எத்தன வயசு?"

"அறுபத்தெட்டு."

"சரிதான்," என்றார் ஓட்டோக்காரர். எது சரி என்று அவள் கேட்கவில்லை.

அக்குறணையில் அம்மா இறங்கினாள். வழி கேட்கவில்லை, பெயர்ப்பலகை பார்க்கவில்லை. துணிக்கடைகளையும் பாத்திரக் கடைகளையும் தாண்டி, கால் பழகிய நடையில் ஒரு சின்னக் கடைக்குள் போனாள். முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்குள் பழைய மின்விசிறிகளும் அரைக்கும் இயந்திரங்களும் அடுக்கியிருந்தன. மின்சாதனம் திருத்துமிடம்.

ஜெயராணி எதிர்ப்புறத்துத் துணிக்கடையில் ஏறி, ஒரு சட்டைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஓர் இளைஞன். குறுந்தாடி. அவனுக்கு முன்னால் ஒரு பெண்ணும் சோறு சமைக்கும் குக்கர் ஒன்றும். அம்மா வந்ததைப் பார்த்ததும் அவன் தலையை அசைத்தான். அம்மா பையைத் திறந்தாள். மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து மேசை மேல் நீட்டினாள். அவன் அதைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தான். திருப்தியாகத் தலையாட்டினான். ஆட்கள் பார்க்க, பட்டப்பகலில்.

ஜெயராணியின் கையிலிருந்த சட்டைத் துணி கசங்கியது. "மிஸ், அது எடுக்கிறதா?" என்றார் கடைக்காரர்.

அம்மா உள்ளே போய், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்தாள். ஜெயராணி சாலையைக் கடந்தாள். அவள் படியேறும்போது இளைஞன் குக்கர்காரப் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"இதுக்குள்ள ஒரு காந்தம் ஈக்கி தாத்தா. தண்ணி ஈக்கிற மட்டும் சூடு ஒரு அளவுக்கு மேல ஏறாது. தண்ணி வத்தின ஒடன சூடு கூடும். அந்தச் சூட்டுக்கு காந்தம் பிடி விட்டுரும். சுவிட்ச் கீழ விழும். அவ்வளவுதான் வேல. ஒங்கட இது சோறு வேக முந்தியே பிடி விடுது."

அந்தப் பெண்ணை அவன் தாத்தா என்றது அக்கா என்ற அர்த்தத்தில்; ஈக்கி என்றால் இருக்கிறது. அக்குறணைப் பக்கத்துப் பேச்சு அது. குற்றம் செய்கிறவன் இவ்வளவு பொறுமையாக விளக்குவானா என்று ஜெயராணிக்கு ஒரு கணம் தோன்றியது. மறுகணமே, பொய்க் கோரிக்கை கொண்டுவருகிறவர்கள்தான் கேட்காததையெல்லாம் விளக்குவார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது.

அவன் குக்கரை இன்னொருவனிடம் தள்ளினான். "ரஸீன், நீ பாத்துக்க." திரைச்சீலையை விலக்கி உள்ளே போனான்.

உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு சிரிப்பு. அம்மாவின் சிரிப்பு. அப்பாவின் உடலை மலர்ச்சாலையிலிருந்து எடுத்துச் சென்ற நாளுக்குப் பிறகு ஜெயராணி அதைக் கேட்கவில்லை. கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. என் வீட்டில் வாயைத் திறக்காதவள் இங்கே யாரோ ஒருவனிடம் சிரிக்கிறாள்.

"உள்ள யாரு?" என்றாள்.

"அது எங்கட ஆன்ட்டி," என்றான் ரஸீன், குக்கரிலிருந்து தலையை எடுக்காமல். "இப்ப பேச ஏலா. நடுவுல ஈக்கிறாங்க."

"எதுக்கு நடுவுல?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. திரையை இழுத்து, தன் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"இது என்னன்னு நீங்களே சொல்றீங்களா, இல்ல பொலிசக் கூப்பிடவா?"

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. வெளியே குக்கர்காரப் பெண் எழுந்து நிற்பது கேட்டது.

ஒரு சின்ன அறை. தகரத் தொப்பி போட்ட மின்குமிழ் தாழத் தொங்கியது. அதற்கு நேர் கீழே, ஒரு தாங்கியின் மேல், பளபளவென்று, காய் சுண்டி விளையாடும் ஒரு கரம் பலகை. உயரமான கதிரையில் அம்மா. முந்தானையை இடுப்பில் செருகி, நடுவிரலை வளைத்து, ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்குத் தயாராக இருந்தாள். விரல் அப்படியே நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் எழுந்தான். பொட்டலத்தை ஜெயராணியின் கையிலிருந்து பதமாக வாங்கினான். பல்லால் கடித்துக் கிழித்தான். பலகையின் மேல் கொட்டி, உள்ளங்கையால் வட்டமாகப் பரப்பினான்.

"போரிக் தூள் மிஸ். பலகைக்குப் போடுற. இங்க விக்கிறது கட்டி பிடிச்சது. ஆன்ட்டி டவுன்ல ஸ்போர்ட்ஸ் கடையில வாங்கிட்டு வருவாங்க."

காய் வழுக்கிப் போக வேண்டுமென்றால் ஏன் இந்தத் தூள்தான் வேண்டும், மாவோ முகப்பவுடரோ போட்டால் ஏன் ஆகாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. மாவு உருண்டை கட்டும். பவுடர் ஒட்டும். போரிக் தூளின் ஒவ்வொரு துகளும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடு. தகடு மேல் தகடு வழுக்குகிறது. காய் அதன் மேல் ஏறிப் போகிறது. ஜெயராணியின் விரல்களுக்கிடையில் நேற்று வழுக்கியதும் அதுதான். தடயத்தைச் சரியாகத்தான் படித்திருந்தாள். வண்டியைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டாள்.

அவள் காது சூடாகியது. அம்மா கத்தியிருந்தால் தேவலை.

"பையத் தொறந்தியா?" என்றாள் கமலம்.

"குடை தேடினேன்ம்மா."

"குடை ஆணியிலதான இருந்துச்சு."

ஜெயராணி தன் பையின் வாயை இழுத்து மூடினாள்.

"என் பையத் தொறந்து, எனக்குப் பின்னால வந்து, இந்தப் புள்ளையோட கடையில, அதோட யாவாரத்துக்கு முன்னால வச்சு பொலிசுன்னு சொல்லிட்ட. என்னான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கட்டுக்கலைன்னு நீங்கதானம்மா சொன்னீங்க."

"வேற என்னத்தச் சொல்றது? புருஷன் செத்து வருஷம் திரும்பல, அக்குறணையில போயி கரம் அடிக்கிறேன்னா? உங்க பெரியம்மா காதுல விழுந்தா நாவலப்பிட்டி வரைக்கும் நியூஸ் போகும்."

அந்த இளைஞன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். அவன் பெயர் பஹீம். கடை அவனுடையது. அவன்தான் சொன்னான், கதை எப்படித் தொடங்கியது என்று. குக்கரைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஆன்ட்டி, திரை விலகியிருந்த வழியாக இவனும் ரஸீனும் விளையாடுவதைப் பார்த்தாராம். கேட்காமலே உள்ளே வந்து, ரஸீன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டவில்லை, தள்ளுகிறான் என்றாராம். ரஸீனுக்குக் கோபம் வந்து, முடிந்தால் நீங்கள் அடியுங்கள் என்றானாம்.

"அடிச்சாங்களா?" என்றாள் ஜெயராணி.

"எங்க. முதல் அடியில ஸ்ட்ரைக்கர் பறந்து போயி மின்விசிறியில பட்டுது," என்றான் பஹீம். "நாங்க விழுந்து விழுந்து சிரிச்ச. ஆன்ட்டிக்கு ரோசம். மத்த வியாழனும் வந்தாங்க."

"நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு அதத் தொட்டு," என்றாள் கமலம். "முனிசிபல் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப அடிச்சது. கல்யாணத்துக்குப் பொறகு அந்தப் பலகையில மிளகா காயப் போட்டோம்."

"இப்பவும் செகப்புக் காயக் கண்டா கை நடுங்கும் இவங்களுக்கு."

"வாய மூடு. போன வாரம் செகப்ப விட்டது யாரு?"

அவர்கள் பேசுவதை ஜெயராணி மாறி மாறிப் பார்த்தாள். மகனிடம் பேசுவது போலவும் இல்லை; தோழியிடம் பேசுவது போலவும் இல்லை. இந்த அம்மாவை அவளுக்குத் தெரியாது.

"மன்னிச்சுக்கங்க தம்பி," என்றாள். "நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"பரவால்ல மிஸ். எங்கட உம்மாவும் இப்பிடித்தான். வயசான பொம்புள ஒண்டு எதுக்கு எங்கட மகன்ட கடைக்கு கிழம தவறாம வார எண்டு, ஒரு நாள் வந்து பின்னேரம் மட்டும் அந்த மூலையில குந்திக்கிட்டு ஈந்த. கடைசியில ஆன்ட்டிக்கு வட்டிலப்பம் குடுத்து அனுப்பின."

கமலத்தின் முகம் கொஞ்சம் இளகியது. அதைக் கண்டதும் ஜெயராணிக்கு மூச்சு வந்தது. எப்படியாவது இதைச் சரிசெய்துவிட வேண்டும், ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னாள்.

"கனடா போறதுக்குள்ள ஆசை தீர விளையாடுங்கம்மா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த பஹீமின் கை நின்றது.

"யாரு கனடா போற?"

கமலம் ஸ்ட்ரைக்கரை எடுத்து, முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஆன்ட்டி?"

"விசா வந்திருக்கு," என்றாள் கமலம். "போறேன்னு இன்னும் சொல்லல."

"எப்ப வந்த?"

"வந்து கொஞ்ச நாளாச்சு."

"மாத்தளைக் கரம் போட்டிக்குப் பேரு குடுக்க முந்தியா, பொறகா?"

கமலம் துடைப்பதை நிறுத்தினாள். முந்திதான் என்று அதுவே சொன்னது.

திரைக்கு வெளியே குக்கரைத் தட்டும் சத்தமும் நின்றுவிட்டது. ரஸீன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"அவன விட்டுப்போட்டு ஒங்களோட ஜோடி எண்டு பேரு குடுத்த நான்," என்றான் பஹீம் தாழ்ந்த குரலில். "அதுக்குப் பொறகு அவன் என்னோட நல்ல முகத்தோட பேசல்ல. ஊரே சிரிச்சிது, கிழவியோடயா விளையாடப் போற எண்டு. நான் சொன்ன, வந்து பாருங்க எண்டு. நீங்க எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லல்லயே."

"பொய் சொல்லலப்பா. சொல்லல, அவ்வளவுதான்."

"மகளுக்கும் இப்பிடித்தானே செஞ்சீக்கிறீங்க."

இப்போது அவன் அம்மாவைப் பார்த்த பார்வையை ஜெயராணி அடையாளம் கண்டாள். காலையில் ஓட்டோக் கண்ணாடியில் தன் முகத்தில் பார்த்த அதே பார்வை. இத்தனை நாளும் இவன்தான் அம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். அம்மாவோ, வீட்டுக்கு அக்குறணையை மறைத்திருக்கிறாள். அக்குறணைக்குக் கனடாவை மறைத்திருக்கிறாள். இரண்டு இடத்திலும் பாதி அம்மாதான் வந்துபோயிருக்கிறாள்.

ஜெயராணியின் போன் அடித்தது. திவாகரன்.

"அக்கா, எங்க இருக்க? வந்ததுலேருந்து எனக்கு வேலையே ஓடல. ஒரு நல்ல டிக்கட் கிடைச்சிச்சு, யோசிக்காம போட்டுட்டேன். அடுத்த மாசம் ஏழாந்தேதி. அந்தப் பய கண்டுபிடிக்க முந்தி அம்மாவ ஏத்தி விட்டுரு."

அறை சின்னது, தம்பியின் குரல் எப்போதும் பெரியது. 'அந்தப் பய' பஹீமுக்கும் கேட்டது. அவன் முகத்தைத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த கம்பிச் சுருளைப் பார்த்தான்.

"மாத்தளைப் போட்டி எப்ப?" என்றாள் ஜெயராணி, போனை நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

"அடுத்த மாசம் பத்தாந்தேதி," என்றான் பஹீம்.

கமலம் கதிரையிலிருந்து இறங்கினாள். முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து ஒழுங்காகப் போட்டாள். மகள் முன்னால் கையை நீட்டினாள்.

"குடு."

"அம்மா, நான் அவன்கிட்டச் சொல்றேன்..."

"நீ சொன்னது போதும் ராணி. போனைக் குடு."

போனை வாங்கிக்கொண்டு, திரையைத் தள்ளி, ரஸீனையும் குக்கர்காரப் பெண்ணையும் தாண்டி வெளியே போனாள். கடைக் கண்ணாடிக்கு அப்பால் நடைபாதையில் நின்று, நன்றாகக் கேட்கும் காதில் போனை வைத்தாள். மாத்தளைப் பக்கம் போகும் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின.

ஜெயராணி கண்ணாடிக்கு உட்புறம் வந்து நின்றாள். பஹீமும் வந்து பக்கத்தில் நின்றான். அம்மாவின் உதடு அசைவது தெரிந்தது. பேசினாள். கொஞ்சம் கேட்டாள். ஒரு முறை தலையாட்டினாள். ஆமாவா, இல்லையா என்று சொல்ல முடியாத தலையாட்டல்.

"என்ன மிஸ் செல்றாங்க?"

"தெரியல."

"ஒங்கட உம்மாதானே."

"அதான் தெரியல."

அம்மா பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். மின்விசிறிகளுக்கு நடுவில் இரண்டு முகங்களும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். பிறகு இருவருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மேலே பேசினாள்.